ஹார்ன் டீச்சர் காருக்கு வைத்த பெரட்டு

மடுல்சீமை மலையில் ஏறி இறங்கிய வாகனங்களிலேயே தன் டிரைவருக்குப் பயந்த ஒரே கார் ஹார்ன் டீச்சருடையதுதான். பயந்து என்ன பயன்? நினைத்த இடத்தில் நின்றது.

டீச்சருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். எந்த வளைவானாலும் ஹார்ன் அடிக்காமல் திரும்பமாட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டால் ஹார்னும் செத்துவிடும். அப்போது கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "பாம்! பாம்!" என்று தானே கத்துவார். நிஜ ஹார்னுக்கு ஒதுங்காத லொறிகள் அதற்கு ஒதுங்கின.

காரின் வியாதி இதுதான்: லைட், வைப்பர், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணையும். இறங்கி நாலு குலுக்குக் குலுக்கினால் ஒன்றும் நடக்காததுபோல் திரும்ப வரும்.

தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுப்பதைப் பெரட்டு என்போம். டீச்சர் காருக்கும் பெரட்டு வைத்தார். தினமும் காலையில் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து அதட்டுவார்.

"லைட்டு?" எரியும்.

"வைப்பரு?" ஆடும்.

"சிக்னலு?" கண் சிமிட்டும்.

"எல்லாம் வந்தாச்சு. கெளம்பு."

பெரட்டுக்கு யாரும் வராமல் இருந்ததில்லை. வேலை நேரத்தில்தான் மொத்தமாகக் காணாமல் போனார்கள்.

நான் பதுளையில் வாகன மின்சாரம் படித்துவிட்டு மலைக்குக் கீழே லுணுகலையில் ஒரு கராஜில் சேர்ந்திருந்தேன். டீச்சர் காரை அங்கே கொண்டுவந்தார். எனக்கு முன் பார்த்தவர்கள் சாவி போடும் சுவிட்சை மாற்றியிருந்தார்கள், ஆல்டர்னேட்டரை மாற்றியிருந்தார்கள், பேட்டரியையும் மாற்றியிருந்தார்கள். மிச்சம் இருந்தது டீச்சர்தான். அவரை மாற்ற யாருக்கும் தைரியம் இல்லை.

"இந்தப் பொம்பளப் புள்ளையா வயரிங் பாக்கப்போவுது?" என்று பெரிய மெக்கானிக் சிரித்தார்.

"ஒங்களுக்குத் தெரியாததால தானே அதுகிட்ட வந்திருக்கேன்," என்றார் டீச்சர். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அடுத்த நிமிடம் பிடிக்காமல் போனது.

"என்ன வேணும்னாலும் பாரு. பேட்டரிய மட்டும் தொடாத."

பொனட்டைத் திறந்தேன். பேட்டரியின் இரண்டு முனைகளும் சந்தனத்தில் புதைந்திருந்தன, மேலே குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள். டீச்சர் எதையும் மேலோட்டமாகச் செய்கிறவர் அல்ல. வயரின் கிளிப்பைக் கழற்றி, முனையைச் சுற்றிச் சந்தனம் பூசி, அதன்மேல் கிளிப்பை மாட்டியிருந்தார். புதுப் பேட்டரிக்கும் வந்த அன்றே அபிஷேகம். வெள்ளிக்கிழமைகளில் மேற்பூச்சு வேறு. முன்பு பார்த்த மெக்கானிக்குகள் கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் தேடியிருக்கிறார்கள்.

"டீச்சர், இத சுரண்டணும்."

"சாமிய சுரண்டச் சொல்றியா?"

"சாமி மேல இருக்கட்டும். கரண்டு போற வழிய மறைச்சுக்கிட்டு இருக்கு."

"முடியாது."

"அப்ப கார எடுத்துட்டுப் போங்க. பாதி வண்டிய பாத்துட்டு சரியாப்போச்சுன்னு நான் சொல்லமாட்டேன்."

கராஜ் முழுக்கக் கை வேலையை நிறுத்தியது. முதலாளி என்னை முறைத்தார். டீச்சர் சாவியை எடுத்தார், ஆனால் போகவில்லை. போக முடியாத காரணம் ஒன்று இருந்தது. மழையில் ரோட்டின் ஒரு பக்கம் உடைந்து காலை பஸ் நின்றுபோயிருந்தது. மறுநாள் சாதாரண தரம் என்கிற அரசாங்கப் பரீட்சையில் முதல் பாடம். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் லுணுகலைப் பரீட்சை மண்டபத்துக்கு வந்தாக வேண்டும். அந்தக் காரைத் தவிர வேறு வழியில்லை. "நடுவழியில நின்னா யாரு பொறுப்பு?" என்று பள்ளிக்கூடத்து அதிபர் கேட்டதற்கு, "நான்தான். வேற யாராச்சும் வந்தாங்களா?" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நான் தொடமாட்டேன் டீச்சர். மீட்டர்தான் தொடும்," என்றேன்.

லைட்டைப் போடச் சொன்னேன். மீட்டரின் ஒரு ஊசியைச் சந்தனத்தின் நடுவே முனையில் குத்தினேன், மற்றதைக் கிளிப்பில் வைத்தேன். இணைப்பு ஒழுங்காக இருந்தால் முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையக்கூடாது. பெரிய மெக்கானிக்கைக் காரைக் குலுக்கச் சொன்னேன். மூன்றாவது குலுக்கலில் லைட் அணைந்தது. முள் ஒரே தாவலில் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் போனது. பேட்டரியில் கரண்ட் நிறைய இருந்தது, கிளிப்புக்குத்தான் வந்து சேரவில்லை.

டீச்சர் குனிந்து மீட்டரையே பார்த்தார். "இன்னொருக்கா குலுக்குங்க," என்றார். அதே விடை வந்தது. குடையை விரித்துக்கொண்டு எதிரேயிருந்த மாரியம்மன் கோவிலுக்குப் போனார். திரும்பி வந்து, "கேட்டுட்டேன். பொனட்டுக்கு மேல வச்சா போதுமாம்," என்றார்.

நான் உப்புத்தாளை எடுத்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டார். "பூசுனது நான். நானே தேய்க்கிறேன்."

தேய்த்து முடித்ததும் முனையும் கிளிப்பும் வெள்ளியாக மின்னின. கிளிப்பை இறுக்கிக் கொடுத்தேன். "சரியாப்போச்சுன்னா நாளைக்கு நீயும் ஏறணும்," என்றார். அன்று மாலையே என்னைத் தன்னோடு மலைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

விடிந்ததும் பெரட்டு நடந்தது. பின் சீட்டில் நான்கு பிள்ளைகள், முன்னால் நான். பள்ளிக்கூட வாசலில் அதிபர் குறுக்கே நின்று கையை நீட்டினார். டீச்சர் பிரேக் அடித்தார்.

"டீச்சர், போகக்கூடாதுன்னு நான் எழுத்துல தரணுமா?"

"தாங்க சார். பரீட்சை முடிஞ்சு வந்து படிக்கிறேன். இப்ப காலு மேல ஏறிடப்போவுது, தள்ளுங்க."

அதிபர் தள்ளி நின்றார். மழை கொட்டியது. ஒவ்வொரு குழியிலும் நான் லைட்டைப் பார்த்தேன், பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பாறை சரிந்திருந்த வளைவில் கார் தூக்கிப்போட்டது. பின்னாலிருந்து ஒரு பெண், "அம்மாடி!" என்றாள்.

"ஏன் கத்துற? ஓடுது இல்ல? சமன்பாட்ட சொல்லு," என்றார் டீச்சர்.

லுணுகலை வரை கார் எங்கும் நிற்கவில்லை. பிள்ளைகள் மண்டபத்துக்குள் போய்க் கதவு சாத்தும்வரை டீச்சர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. பிறகுதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "குளிரு," என்றார். சொன்ன கையோடு அப்படியே தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது.

முதலாளி போன் செய்தார். "எங்க இருக்க? கராஜுல வேலை கெடக்கு."

"டீச்சர் கார்ல இன்னும் ஒரு வேலை இருக்கு," என்றேன், அவர் விழித்துவிடாதபடி மெதுவாக.