இரைச்சல் மனுவும் மூன்றாவது சரணமும்

திருக்கழுக்குன்றம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, கேசவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் கல்யாணியும் முழங்கால் வலி நீங்கலாக நலம். அங்கே கோயம்புத்தூரில் தாங்களும் சியாமளா அக்காவும் மகன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேதகிரீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். மலை ஏறி வேண்டவில்லை. அடிவாரத்தில் நின்றபடியேதான் வேண்டினேன், முழங்கால் விஷயம் மேலே சொன்னேன் அல்லவா.

நேற்றிலிருந்து தங்கள் போனை நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். போனில் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன், என் தரப்பு வெளியே வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அப்படியே நம் ஓய்வூதியர் சங்கக் குரூப்பில் போட்டுவிடுவீர்கள். காகிதத்தில் எழுதியதைப் படம் பிடித்துப் போடத் தங்களுக்குத் தெரியாது. ஆகவேதான் இந்தக் கடிதம்.

சங்கத் தலைவர் என்ற முறையில் தாங்கள் ஒப்படைத்த வேலை எனக்கு மறக்கவில்லை. படாளத்துப் பிள்ளைகள் நடத்தும் 'உப்புக்காத்து' என்ற பாட்டுக்குழு, நாமெல்லாம் ஆயுசைக் கொடுத்து வேலை பார்த்த அணு ஆராய்ச்சி நிலையத்தைக் கேலி செய்து ஊர் ஊராகப் பாடிக்கொண்டு திரிகிறது. பாட்டைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் சத்தத்தைத் தடுக்க இடமிருக்கிறது என்று கண்டுபிடித்தது தங்கள் மூளை. சனிக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரத்தில் அவர்கள் பாடும்போது நான் போய், இரைச்சலை மீட்டர் வைத்து அளந்து, அந்த அளவை எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவில் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, அடுத்த வாரம் படாளம் சர்ச் திருவிழாவில் அவர்களுக்கு அனுமதி கிடைக்காமல் செய்ய வேண்டும். வேலை இவ்வளவுதான். போனவன் மேடைக்குப் பின்னால் ஒயரும் கையுமாக நிற்கிற போட்டோ எப்படி ஊரெல்லாம் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதல் தவறு தங்களுடையது, மன்னிக்க வேண்டும். ஆதாரம் என்று அந்தப் பாட்டின் வீடியோவை எனக்கு அனுப்பியது யார்? ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடு என்றீர்கள். ஒரு தடவை பார்த்தேன். சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எரிச்சல்தான் வந்தது, சத்தியமாக எரிச்சல்தான். ஆனால் மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது என் விரல்கள் பாமாயில் டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், செம குஷியா கீறீங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் தாளத்தை நிறுத்திவிட்டு அவளிடம் அரிசியின் தரம் பற்றிப் பேசினேன்.

சனிக்கிழமை நானும் கல்யாணியும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவளைக் கூட்டிப்போனது யாருக்கும் சந்தேகம் வராமல் இருப்பதற்காக. நான் மாஸ்க் போட்டு, தலையில் குரங்குக் குல்லா மாட்டி, கழுத்தில் மஃப்ளரும் சுற்றியிருந்தேன். கடற்கரைப் புழுக்கத்தில் பனியனோடு நின்றவனுக்கே வேர்த்து ஊற்றுகிறது, இதில் நான் இப்படி. யாரும் கவனிக்கக் கூடாது என்று போட்ட வேஷத்தை வந்தவர் அத்தனை பேரும் நின்று கவனித்துவிட்டுப் போனார்கள். கல் செதுக்கும் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற மணல் மைதானத்தில், மூக்கு மட்டும் செதுக்கப் பாக்கி இருக்கிற ஒரு நந்திக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி பிடித்து உட்கார்ந்தோம். கல்யாணி சுண்டல் வாங்கினாள். நான் மஃப்ளருக்கு அடியில் மீட்டரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது ஸ்பீக்கரை முடுக்கினார்கள். ஊம்ம்ம்ம் என்று ஓர் உறுமல். இன்னும் யாரும் பாடவே ஆரம்பிக்கவில்லை. கருவிப் பிரிவில் தலை நரைத்தவனை அந்தச் சத்தம் என்ன பாடு படுத்தும் என்று தங்களுக்கா சொல்ல வேண்டும்? எர்த் கோளாறு. ஒரு பெட்டிக்கு ஜெனரேட்டர் கரண்ட், இன்னொன்றுக்குப் பக்கத்துக் கடைக் கரண்ட், இரண்டுக்கும் வேறு வேறு எர்த். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் மீட்டர் எகிறியிருக்கும், மனுவுக்கும் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தான், அளக்கப் போனது பாட்டை. கரண்டின் உறுமலை அளந்து பாட்டின் தலையில் எழுதினால் அது பொய் ரீடிங். நான் சர்வீசில் ஒரு பொய் ரீடிங் எழுதினதில்லை, ரிட்டையர் ஆன பிறகா ஆரம்பிப்பேன்? சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன்.

போய்க் குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவன், "அண்ணாத்த, இன்னா அங்க நோண்டிக்கினு கீறீங்க? கரண்ட் ஆபீஸா?" என்றான். பதற்றத்தில் வாய் தவறி, "இல்லப்பா, அணு ஆபீஸ்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அதே நேரம் என் கை ஒரு பிளக்கைப் பிடுங்க, மைதானம் முழுக்க விளக்கு அணைந்துபோனது. கூட்டம் விசிலடித்தது. அணு ஆபீஸ்காரன் வந்து கரண்டைப் பிடுங்கிவிட்டான் என்று யாராவது கத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதியிருப்பேன். நல்ல வேளை, செல்போன் வெளிச்சத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுத்து, திரும்ப முடுக்கினேன். உறுமல் போச்சு. ஸ்பீக்கர் முடுக்கியிருந்தும், பின்னால் அலை புரள்கிற சத்தம் தனியாகக் கேட்டது. அப்படி ஒரு சுத்தம். யாரோ போட்டோ எடுத்தது அந்த நேரத்தில்தான், சுத்தமான எர்த்தைக் கண்ட சந்தோஷத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வேறு காரணம் இல்லை.

மேடையில் பறையை மாட்டிக்கொண்டு நின்ற ஜெபசிங் என்ற பையன்தான் அவர்களுக்குப் பாட்டு எழுதுகிறவன். மைக்கைப் பிடித்து, "நம்ம சவுண்ட சரி பண்ணிக் குடுத்த அணு ஆபீஸ் கேசவன் சாருக்கு ஒரு கைத்தட்டு குடுங்க!" என்றான். என் பேரைச் சொன்னது கல்யாணி. மைதானமே எனக்குக் கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் அடுத்ததாக அவர்கள் ஆரம்பித்த பாட்டு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல் எழுதப்போவதை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பாடுகிற பெண்ணின் பேர் ஷாரோன். செங்கல்பட்டில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, ஆபீஸ் அட்டையைக் கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் வந்து நின்றிருந்தாள். பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் தொடங்கினாள். இரண்டு சரணம் அப்படியே போனது. மூன்றாவது சரணம் வந்தது.

மீட்டரு முள்ளப் பாத்துக்கினே
முடி நரச்சிப் போச்சே உனுக்கு,
மீனப் பாத்தியா அண்ணாத்த,
வலையப் பாத்தியா?

அந்தக் கடைசிப் 'பாத்தியா'வில் குரல் மேலே ஏறியது அத்தான். ஏறியது, இன்னும் ஏறியது, இதற்கு மேல் மனுஷருக்கு முடியாது என்று நான் நினைத்த இடத்துக்கு மேலே போய் அங்கே நின்றது. பறை நின்றுவிட்டது. மீன் வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, குல்லாவுக்குள் மயிர் எழுந்து நின்றது. ஒல்லியான அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது? எத்தனையோ தீபாராதனை பார்த்திருக்கிறேன், இப்படி வாய் பிளந்து நின்றதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நரைமுடி என் முடி, அந்த மீட்டர் என் மீட்டர், என்னைத்தான் திட்டுகிறாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அழுதேன். கல்யாணி சுண்டல் பொட்டலத்தைக் கிழித்துக் கண்ணைத் துடைக்கக் கொடுத்தாள், அதில் மிளகாய்ப் பொடி இருந்ததால் மேற்கொண்டும் அழுதேன். மீட்டர் என்ன காட்டியது என்று கேட்பீர்கள். பார்க்க மறந்துவிட்டேன்.

ஆனால் கருத்தில் நான் இடித்த புளி மாதிரி அசையாமல்தான் இருக்கிறேன், அதில் தங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். மீனைப் பார்த்தியா என்கிறாள்! மீனைப் பார்க்காமல் பின்னே எதைப் பார்த்தோம்? சைவக் குடும்பத்தில் பிறந்து, வாசனை பட்டாலே மூக்கைப் பொத்துகிற நாம் இரண்டு பேரும், படகு கரைக்கு வருமுன்னே போய் நின்று வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வந்து, செக்ஷனில் கொடுத்து, எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று அளந்து பார்த்தோமே, எதற்கு? இந்த ஜனங்கள் பயமில்லாமல் சாப்பிட வேண்டும் என்றுதானே? சட்டையில் மீன் நாற்றத்தோடு நான் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் கல்யாணி என்னைக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொன்னாள். அந்த வரி பொய். எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

அதனால் கச்சேரி முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். ஜெபசிங் பறையை உறையில் போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டான். "சரி சார், நீங்க மீன அளந்தீங்க. அளந்தது இன்னான்னு எங்க குப்பத்துக்கு யாரு வந்து சொன்னாங்க?" என்றான். இதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. மூன்று பகுதியாக இருக்கிறது. முதல் பகுதியின் நடுவிலேயே டீ வந்துவிட்டது. ஷாரோன், "சார் அழுதத நான் மேடையிலேர்ந்து பாத்தேன், சக்கரை போடலாமா சார்?" என்று கேட்டாள். மீதிப் பதிலை அப்படியே விட்டுவிட்டு, போடும்மா என்றேன். சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன். ஒளித்துவைத்துக்கொண்டு அவர்கள் டீயைக் குடிக்க மனசு வரவில்லை.

மனுவை இரண்டு பேரும் படித்தார்கள். யாரும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு மேலும் சங்கடமாகப் போனது. கொஞ்ச நேரம் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்து ஜெபசிங் சொன்னான்: "சார், நீங்க அந்த உறுமல எடுக்கலன்னா இன்னிக்கு எங்க மானம் போயிருக்கும். உங்களுக்கு அந்த வரி வலிக்குதுன்னா மூணாவது சரணத்த இனிமே பாட மாட்டோம். ஆனா எங்க கருத்து அதேதான் சார்." என் கருத்தும் அதேதான் என்று சொல்லிவிட்டுக் கைகொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கல்யாணி, "கருத்து உங்க கிட்ட இருக்கட்டும், காத அவங்களுக்குக் குடுத்துடுங்க, ரெண்டும் எதுக்கு ஒரே எடத்துல?" என்றாள். நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்தேன்.

ஆக, சாராம்சம் என்னவென்றால், போலீசும் இல்லை, மனுவும் இல்லை, நம்மை இழிவுபடுத்தும் சரணம் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. இது முழுக்க முழுக்கச் சங்கத்தின் வெற்றி. அடுத்த கூட்டத்தில் தாங்கள் இதைப் பெருமையாகவே அறிவிக்கலாம். என் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, கட்டாயம் சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்லலாம். இனி அந்தக் குழு இருக்கும் பக்கம்கூட நான் திரும்ப மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரனுக்குப் பரீட்சை நல்லபடியாக முடிய எங்கள் ஆசி. தங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் முன்போலவே இருக்க அந்த அடிவாரத்திலேயே நின்று இன்னொரு தடவை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் அன்பும் கீழ்ப்படிதலும் மறவாத,
கேசவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இப்போது ஞாயிறு சாயங்காலம். சர்ச் ஹாலில் ஒத்திகை, எர்த் மட்டும் வந்து பார்த்துவிடுங்கள் சார் என்று மத்தியானம் போன் வந்தது. எர்த் தப்பாக இருந்தால் ஆளுக்கு ஆபத்து என்பதால் படாளம் போனேன். அந்தப் பாட்டைப் பாடினார்கள், எனக்குக் கொடுத்த வாக்குப்படி மூன்றாவது சரணம் இல்லாமல். இரண்டாவதை முடித்துவிட்டு அவள் நேராகப் பல்லவிக்குத் திரும்பினாள். அத்தான், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்தவன் வெறுந்தரையில் தொப்பென்று மிதித்த மாதிரி இருந்தது. அந்தக் குரல் ஏற வேண்டிய இடமே அந்தப் பாட்டில் இல்லாமல் போய்விட்டது. எனக்கு வலிக்கிறது என்று எடுத்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "அந்தச் சரணத்தைத் திரும்பப் போடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். ஷாரோன் மிரண்டுபோய், "சார், அது உங்கள திட்ற வரி சார்" என்றாள். "தெரியும்மா, பாடு" என்றேன். ஜெபசிங், "கருத்து மாறிடுச்சா சார்?" என்றான். "ஒரு துளியும் மாறல. மீனப் பாத்தேன். நீ பாடச் சொல்லு" என்றேன். பாடினாள். திரும்பவும் அழுதேன், இந்தத் தடவை மிளகாய்ப் பொடி இல்லாமல். ஆகவே மேலே நான் எழுதிய வெற்றியைத் தயவுசெய்து அடித்துவிடவும். மனுவின் பின்பக்கத்தில் ஹாலுக்கு ஒயரிங் படம் வரைந்து கொடுத்துவிட்டதால் அதையும் திருப்பி அனுப்ப இயலாது. யாராவது கேட்டால், அந்த வரியைக் கேசவன்தான் கேட்டுப் போடவைத்தான் என்றே சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை சர்ச் திருவிழாவுக்குத் தாங்களும் அக்காவும் அவசியம் வர வேண்டும், முன் வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்மைத் திட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். உறுமல் துளிகூட இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.