வாயில் மாவோடு விட்டுவிட்டுப் படுத்ததற்காக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் முன்பல்லும் நலமாக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். 'அன்புள்ள சம்பந்தி' என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்த வார்த்தையை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவர் என்று பார்க்க, நோயாளி போல என் கிளினிக்குக்கு வந்திருந்தீர்கள். அதில் தவறே இல்லை. நானும் தங்கள் மகன் வேலை பார்க்கும் வங்கிக்குப் போய், போடப் போகாத டெபாசிட்டைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தவன்தான். தாங்கள் யாரென்று தெரியாமல், கட்டுப்பல்லுக்கு அச்சு எடுக்க மாவு குழைத்துத் தட்டோடு தங்கள் மேல்தாடையில் அழுத்திய நேரம், என் கோட்டுப் பையில் மணி அடித்தது. போன் என்று நினைத்திருப்பீர்கள். நானோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது என்ன மணி என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாக எனக்கு உடம்பெல்லாம் வலி. தோள், முதுகு, முழங்கால், சட்டைப் பொத்தான் போடும் விரல் வரைக்கும். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு முறிந்திருந்தால் படம் பிடித்துக் காட்டலாம், எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பெரிய டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்லி, மாத்திரை கொஞ்சம்தான், மீதி நீங்கள் வாழும் முறையில் இருக்கிறது என்றார். தினமும் நடக்க வேண்டும், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும், மாலையில் காபி கூடாது, வலி வருவதற்கு முன்பே ஓய்வெடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் பிசியோதெரபி அம்மாள் இந்த மணியைக் கொடுத்து, "இது அடிச்சா கையில எது இருந்தாலும் அப்படியே விட்டுட்டுப் படுத்துடுங்க சார்" என்றார். அவர் வாளியையோ துடைப்பத்தையோ நினைத்துச் சொல்லியிருப்பார். என் கையில் தாங்கள் இருந்தீர்கள்.

நான் செத்துவிட்டேன் என்று பயந்து தாங்கள் 'ம்ம், ம்ம்' என்று முனகியதும், என் உதவியாளர் எட்டிப் பார்த்து, "சார் இப்ப எழுந்துடுவாரு, நீங்க வாயை அசைக்காதீங்க, அச்சு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனதும், தாங்கள் தட்டோடு தெருவுக்கு ஓடியதும், நான் பின்னாலேயே ஓடிவந்து மருந்துக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்கத் தட்டைப் பிடித்து இழுத்ததும், அதோடு தங்கள் முன்பல்லின் கேப் கழன்று வந்ததும், அந்தப் பல்லோடு தாங்கள் "நான்தான் மாப்பிள்ளையோட அப்பா" என்று சொன்னதும், ஐயா, என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று. அந்த வலி எனக்கு முழுக்கக் குணமாகிவிட்டது. அன்று படுத்தது வெறும் பழக்கதோஷம். இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது கிடையாது, என் மகளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. என் உடம்பைக் காரணம் காட்டி இந்தச் சம்பந்தத்தை விட்டுவிடாதீர்கள். என்னால் அவள் கல்யாணம் நின்றது என்றால் எனக்குத் தாங்காது.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம், தம்பிக்கு என் ஆசிகள்.

தலைகுனிந்து,
பல் டாக்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். மருந்துக்கடை வரும் இடம் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "வலியே இல்லைன்னு பொய் சொல்லி என்னை அனுப்பி வெச்சா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அந்த வீட்ல நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். ஆகையால் குணமாகிவிட்டது என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். மாடிப்படியும் பொய். விரல் வலியால் இந்தக் கடிதத்தையே விட்டு விட்டு நாள் கணக்கில் எழுதினேன். நடையாலும் தூக்கத்தாலும் பாதி குறைந்திருக்கிறது, மீதி என்னோடுதான் இருக்கும். கல்யாணத்தன்றும் இருக்கும், நடுவில் நான் போய்ப் படுப்பேன். தங்களுக்குச் சம்மதம் என்றால், அதற்கு ஓர் அறை இருக்கிற மண்டபமாகப் பார்ப்போம்.