பதினோரு போல்ட் ரயிலும் ஆறாவது கட்டமும்

அத்தனூர் அம்மன் துணை

வெண்ணந்தூர்,
மார்கழி 5, வெள்ளிக்கிழமை.

மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு மாமனார் சின்னண்ணன் மரியாதையுடன் எழுதுவது. இங்கே பிரவீனா நலம். உங்கள் தகப்பனார் ராசப்பன் அவர்களின் முழங்கால் போன வாரத்தைவிடக் கொஞ்சம் நலம். அங்கே சத்தீஸ்கரில் நீங்களும் போர்வெல் ரிக் வண்டியும் நலமாக இருந்து, துளைக்கிற இடத்திலெல்லாம் தண்ணீர் வர வேண்டும்.

பேச்சு விலகிப் போய்விடும் என்ற பயம் எனக்கே இருப்பதால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. ரயிலைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை. அவர் இப்போது உயிருடன் இல்லை என்பது மட்டும் ஏறக்குறைய உறுதி.
2. அவர் பெயர் ஜெபமலர் அல்ல. தமிழினியும் அல்ல. சுப்பம்மாளும் அல்ல.
3. அவர் இடதுகைக்காரர்.
4. என்ஜினின் அடித்தட்டில் உள்ள போல்ட்டுகள் பதினொன்று. (மூன்று முறை எண்ணினேன்.)
5. உங்கள் தகப்பனார் எனக்குச் செய்த பேருதவி.
6. படிவத்தின் ஆறாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்பது பற்றி என் யோசனை, அது சரியா என்ற சந்தேகத்துடன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலுக்குப் பின்னால் பாறை துளைக்கும் சத்தம் கேட்டதும், நான் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டதுபோல் பதறி, பாதியை விழுங்கிவிடுகிறேன். நாளைக் காலையில் கம்ப்ரசர் சாமான்களோடு உங்களிடம் கிளம்பும் வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

சேலத்தில் மூடிக்கிடந்த பொருட்காட்சித் திடலிலிருந்து ஆடி மாதத்தில் நீங்கள் வாங்கிவந்து நம் கொட்டகையில் நிறுத்திய குழந்தைகள் ரயில், என்ஜின் ஒன்றும் பெட்டி மூன்றுமாக, அப்படியேதான் நிற்கிறது. தை பிறந்ததும் அதை ஏரிக்கரைத் தோட்டத்தில் ஓட்டலாம், ஓடினால் நீங்கள் ரிக்கை விட்டு வீட்டோடு இருக்கலாம் என்பது ஏற்பாடு. சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி படிவத்தின் ஆறாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ‘தயாரித்தவர் பெயர், முகவரி, கையொப்பம்.’ நான் பணிவாக, “தெரியவில்லை என்று எழுதினால் ஆகாதுங்களா?” என்று கேட்டேன். “எழுதுங்க. நானும் தெரிஞ்சப்புறம் வாங்கன்னு எழுதறேன்” என்றார். வீட்டுக்கு வந்தால் பிரவீனா வாசலிலேயே நிற்கிறாள். “அப்பா, ஒண்ணு பேரைக் கண்டுபுடிச்சுட்டு வாங்க, இல்லீன்னா உங்க மாப்பிள்ளைய அங்கயே ரேசன் கார்டு வாங்கிக்கச் சொல்லீடுங்க” என்றாள். எட்டு வருடத்தில் நீங்கள் வீட்டில் இருந்த நாட்களை அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதை நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நீங்கள் போனில், எல்லோருக்கும் கேட்கும்படி, “பிரேக்கைக் கொண்டுபோய் எடப்பக்கம் வெச்சிருக்கான் பாருங்க மாமா. எந்த மடையன் செஞ்சான்னு கண்டுபுடிங்க. ஆளு கெடைச்சான்னா நாலு கேள்வி கேக்கோணும்” என்று சொன்னது நினைவிருக்கும். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த உங்கள் தகப்பனார் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்போது கரண்ட் இல்லை. எனக்கு அது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் தேடுவதுபோல, இன்று வைத்திருப்பவரிடமிருந்து ஒவ்வொரு கையாகப் பின்னால் போக வேண்டும். என்ஜினின் நெற்றியில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக ‘ஜெபமலர்’ என்று எழுதியிருந்தது. அதுதான் கம்பெனி என்று முடிவு செய்து, திடலின் காவலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, உங்கள் தகப்பனாரின் மொபெட்டில் சேலம் போனேன். கதவைத் திறந்த அம்மாள் என் வயதுக்காரர். கழுத்தில் ஜெபமாலை, கையில் கரண்டி. “ஜெபமலர் கம்பெனி இதுதானுங்களா?” என்று கேட்டேன். “கம்பெனியா? நான் ஒருத்திதாங்க இருக்கேன்” என்றார். எனக்கு வாய் குழறிவிட்டது. “நீங்கள் இதுவரை எத்தனை ரயில் செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் உள்ளே திரும்பி, “டேய் ஜூட், இங்க வாடா. பெரியவர் ஒருத்தர் வெயில்ல வந்து என்னமோ கேக்கறார். மொதல்ல மோர் குடுடா” என்று சத்தம் போட்டார். மகன் ஜூட் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டே சொன்னார். “அது அம்மா பேருங்க சார். நாங்க வாங்குனப்ப எழுதினது. பள்ளிபாளையம் தமிழரசுன்னு ஒருத்தர்கிட்ட வாங்கினோம். பதினாலு வருசம் மாதா கோயில் திருவிழாவுல ஓட்டியிருக்கோம், ஒரு நாள்கூட தண்டவாளத்த விட்டு எறங்கினதில்ல.” இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். காரணம் தெரியாது. பழக்கம்.

ஊருக்கு வந்து மஞ்சள் பெயிண்டை ஒரு சாண் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடியில் பச்சை. பச்சையில் ‘தமிழினி’. ஆகா, இதுதான் என்று குதித்தேன். (மனதுக்குள். நான் குதிக்கிறவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.) மறுநாள் பள்ளிபாளையத்துக்குக் கிளம்பினோம். உங்கள் தகப்பனார், “இத்தன தூரம் வந்துட்டு மலைக்குப் போகாம போறதுங்களா சம்பந்தி?” என்று திருச்செங்கோட்டில் நிறுத்தினார். சாமி கும்பிட்டுச் சாப்பிட்டு, படியில் உட்கார்ந்து இளைப்பாறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் முழங்கால் வலி என்றார். மூன்றாம் நாள் நான் பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பிய பிறகுதான் மொபெட்டை எடுத்தார். தமிழரசு அவர்கள் ஆற்றங்கரை வீட்டில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தமிழினி அவருடைய மகளாம், இப்போது பேங்கில் அதிகாரியாம். “ஏனுங்க, வண்டி வாங்குனா பொண்ணு பேரு எழுதறது தெரியாதுங்களா? உங்க பக்கம் லாரி லாரியா பொம்பளப் புள்ளைக பேரு எழுதியிருக்குதே, அதுகளா லாரி செஞ்சுச்சுங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளை, நான் அங்கேயே கூசிப்போனேன். உங்கள் ரிக் வண்டியின் நெற்றியிலேயே என் மகள் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு நாளாவது, என் மகள் ரிக் செய்தாள் என்று நான் நினைத்ததுண்டா?

ஆகவே பச்சைக்கு அடியில் சிவப்பில் ‘சுப்பம்மாள்’ வந்தபோது நான் ஏமாறவில்லை. தமிழரசு கொடுத்த கெங்கவல்லி விலாசமும் அதே பெயரில்தான் இருந்தது. அதற்கு அடியில் வெறும் இரும்பு. அதாவது சுப்பம்மாள்தான் முதல் கை. தாய்ப்பத்திரத்துக்கு வந்துவிட்டோம் என்று உங்கள் தகப்பனாரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர், “கெங்கவல்லி வெகு தூரமுங்க” என்றார். பிறகு, “அந்தம்மா இருக்குதோ இல்லியோ” என்றார். கடைசியில், “சரி, நானும் வாரேன்” என்றார்.

இங்கே ஐந்தாம் குறிப்பை எழுதிவிடுகிறேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு, ஆத்தூர் தாண்டி அவ்வளவு தூரம் என்னை மொபெட்டில் கூட்டிப்போனார். வாழ்நாளில் தலைக்கவசம் போடாதவர் அன்று போட்டுக்கொண்டார். கெங்கவல்லி எல்லையில் அதன் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். சுப்பம்மாள் வீட்டு வாசலில், “வாங்க, மோர் சாப்பிடலாம்” என்று எவ்வளவு கூப்பிட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை. அந்தப் பக்கம் போலீஸ் கெடுபிடி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சுப்பம்மாளுக்கு எண்பது இருக்கும், ஞாபகம் பிசகவில்லை. “எங்க ஊட்டுக்காரரு மயில்சாமிதாங்க செய்யச் சொன்னாரு, திருவிழாவுக்கு ஓட்டறதுக்கு. நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டுற எடத்துலேர்ந்து ஒல்லியா ஒரு ஆளு வந்து செஞ்சிகுடுத்தாரு. பேரு நெனப்பில்ல. பீச்சாங்கை மேஸ்திரின்னுதான் கூப்புடுவோம். மொத நாளு மொத ஓட்டத்துலியே ரயிலு தண்டவாளத்த விட்டு எறங்கி நேரா பொரிகடலக் கடைக்குள்ள பூந்துடுச்சி. உள்ள பஞ்சாயத்துத் தலைவரு! பொரி மூட்டைக்கு நடுவுல தலைய மட்டும் நீட்டிகிட்டு, ‘இது எந்த ஸ்டேசன்டா’ன்னாரு. ஊரே சிரிச்சிது. மேஸ்திரி மட்டும் சிரிக்கல. என்ஜினத் தூக்கி நிறுத்தி அடியில படுத்து என்னமோ பண்ணாரு. எழுந்தாரு, டீ கூடக் குடிக்காம போயிட்டாரு. அப்பறமா வடக்க லாரியோட போனவரு அங்கியே செத்துட்டாருன்னு சொல்லிகிட்டாங்க, பாவம்.” முதல் குறிப்புக்கு இதுவே ஆதாரம். மூன்றாம் குறிப்புக்கும் இதுவே ஆதாரம். பிரேக் இடதுபக்கம் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

கிளம்பும்போது அந்த அம்மாள் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார். “அவரு மறந்துட்டுப் போனதுங்க. நாப்பத்தாறு வருசமா கதவு இதுலதான் நிக்குது. அவரு புள்ளகுட்டி யாரையாவது பாத்தா குடுத்துடுங்க.” நான் அதை உங்கள் தகப்பனாரிடம் கொடுத்தேன். கண்ணாடிக்கு உள்ளிருந்து அதை வெகுநேரம் பார்த்தார். “அந்தம்மா நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர்மேல் எவ்வளவு அக்கறை!

வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது, நம் பக்கத்தில் அந்தக் காலத்து இடதுகைக்காரர்கள் யார் யார் என்று அவரையே விசாரித்தேன். அவர் இடது கையால் தாடையைச் சொறிந்துகொண்டு நன்றாக யோசித்து, “அப்பிடி யாரும் நெனப்புக்கு வரலீங்க சம்பந்தி” என்றார்.

ஆக ஆறாவது கட்டத்துக்கு என் யோசனை இதுதான். ‘தயாரித்தவர்: பெயர் தெரியாத இடதுகைக்காரர், காலமானார்’ என்று எழுதி, நான் தேடிய விவரத்தைப் பதினான்கு பக்க இணைப்பாகச் சேர்த்துவிடலாம். அதிகாரி ஏற்கமாட்டார் என்றே தோன்றுகிறது. ஏற்காவிட்டால் தையில் ரயில் ஓடாது, நீங்கள் இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டியதுதான். பிரவீனாவிடம் இதை யார் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் தகப்பனாரைச் சொல்லச் சொன்னேன். அவர் மோட்டார் போடப் போய்விட்டார். என்னை நம்பி ஒரே ஒரு வேலை கொடுத்தீர்கள். அதை முடிக்காமல் உங்களுக்கு எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். துளைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்காதீர்கள். அத்தனூர் அம்மன் உங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
மாமனார் சின்னண்ணன்.

பின்குறிப்பு:

வண்டி கிளம்ப நேரமாகும் என்றார்கள். எழுத்துப்பிழை இருந்தால் பார்க்கட்டும் என்று கடிதத்தை உங்கள் தகப்பனாரிடம் கொடுத்தேன். முதல் குறிப்பைப் படித்தார். இரண்டையும் மூன்றையும் படித்தார், இருமினார். நான்காவதில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “பன்னெண்டுங்க” என்றார்.

“இல்லைங்க சம்பந்தி, பதினொண்ணு. மூணு தரம் எண்ணினேன்.”

“பன்னெண்டுங்க. ஒண்ணு உள்பக்கமா, அச்சுக்கு மேல இருக்குது. படுத்துப் பாத்தாத்தான் தெரியும். பதினொண்ணோட ஓட்டுனதுலதான் கடைக்குள்ள பூந்துச்சு. பன்னெண்டாவதப் போட்டுட்டுத்தான் நான் அந்த ஊர விட்டே கெளம்புனன்.”

கொட்டகை வாசல்படியில் நின்ற பிரவீனா, “மாமா, நீங்களா?” என்றாள். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். “ஒண்ணாம் நெம்பர்ல என்னையச் சாகடிச்சுப்போட்டீங்க சம்பந்தி. அதுகூடப் பரவாயில்லீங்க. போல்ட்ல ஒண்ணக் கொறைச்சுப்போட்டீங்களே! நாப்பத்தாறு வருசமா அது எறங்காம ஓடுனதே அந்த ஒரு போல்ட்லதானுங்களே!”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “மடையன்னு சொன்னானே, கேட்டீங்கல்லொ? அதுக்கப்புறம் நாந்தான்னு எந்திரிச்சு நிக்கச் சொல்றீங்களா?” என்றார். பிரேக் இடதுபக்கம் இருப்பது தப்பு இல்லையாம். “ஓட்டறவன் நான். என் கை இருக்கற பக்கம்தானே வெப்பேன்?” என்றார்.

ஆறாவது கட்டத்தில் பெயரும் முகவரியும் என் கையால் எழுதிவிட்டேன். கையொப்பம் போட அவருக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. “நாலு கேள்வி கேக்கோணும்னான். போன்ல கேட்டா பதில் கெடையாது. நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. வந்தா கையெழுத்து.” பிரவீனா படிவத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். எந்தத் தேதியில் வட்டம் போடுவது என்று கேட்கச் சொல்கிறாள்.

இடது கையால் போட்ட கையொப்பம் செல்லுமா என்பதை நான் விசாரித்து வைக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் நானும் கொட்டகையில் டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டேன். மேலே நான் எழுதிய நான்காம் குறிப்பு தவறு. போல்ட்டுகள் பன்னிரண்டு.