உம்ம் அண்ணாச்சி வெட்டிய எர்த்து

கரண்டு போனால் திட்டாத ஆள் சிவகாசிப் பக்கம் கிடையாது. கரண்டு இருக்கும்போது அதைத் திட்டியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான், 'உம்ம்' அண்ணாச்சி. சாத்தூரில் ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று கரண்டின் உறுமல் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாணப் பந்தியில் எச்சில் கையோடு எழுந்து போய் மைக் செட்டையே பிரித்துவிட்டார். வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவர் அரைமணி நேரம் திறந்த வாயோடு நின்றார்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். கெமிக்கல் குடோனில் சூடு ஏறினால் மணி அடிக்க ஒரு கருவி வைத்திருந்தோம். அது சும்மா சும்மா அடித்தது. முதல் வாரம் எல்லோரும் ஓடினோம். மூன்றாம் வாரம், பக்கத்து அறையில் திரி வெட்டும் மாரியக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது கெடக்கு களுதை" என்றார்.

நிஜமாகவே ஒருநாள் அடித்தால்?

அண்ணாச்சியை அழைத்து வந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸில் மணியோடு இருந்த அந்தக் கருவியின் பெட்டியைக் குடைந்தார்.

"ஏலே, சூட்டைச் சொல்லுற சிக்னல் எறும்பு கணக்கா இருக்கு. அது மேல கரண்டு ஏறி உக்காந்திருக்கு. குடோன்லருந்து வார ஒயரோட உறைக்கு அங்கனயும் இங்கனயும் ரெண்டு பக்கமும் எர்த்து குடுக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?"

நான்தான். உடம்பில் ஏறிய கரண்டைத் தரைக்கு இறக்க, வாசல் செம்புத் தகட்டைத் தொடாமல் அறைக்குள் கால் வைக்காத ஊர் எங்களுடையது. எர்த்து என்றால் எங்களுக்குச் சாமி. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

"ரெண்டுக்கும் நடுவுல கரண்டு சுத்துதுலே. இங்கன உள்ளத வெட்டணும்."

போர்மேனுக்கு வேர்த்துவிட்டது. "பட்டாசு கம்பெனியில எர்த்த வெட்டுவீகளா? ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுதேன்."

எல்லோரையும் வெளியே அனுப்பி, மெயினை அணைத்துவிட்டு வெட்டினார். உறுமலை மட்டும் வடிகட்டுகிற சின்ன போர்டு ஒன்றையும் ஈயம் உருக்கி ஒட்டவைத்தார். மணி அடங்கியது. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. அடங்கிவிட்டதா, செத்துவிட்டதா? சூடு காட்டும் முனை இன்னொன்றை மாட்டி, டீ கிளாஸில் முக்கிக் காட்டினார். அடித்தது.

பத்து நாள் கழித்து, அவர் சரிபார்க்க வந்திருந்த மத்தியானம் மணி அடித்தது. மாரியக்கா நிமிர்ந்தார்.

"ஸ்டோர்காரரே, இது நிசமா?"

"நிசந்தான், ஓடுங்க!"

வேப்பமரத்தடியில் தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. அதற்குள் ஈரம் பட்டுச் சூடேறிய அலுமினியத் தூள் வெடித்துக் குடோன் கூரை பறந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து, கழுத்தில் ஹெட்போன் தொங்க, அண்ணாச்சி சாவகாசமாக நடந்து வந்தார்.

"கூறு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

"மணி உம்ம் கலக்காம அடிக்குதான்னு கேட்டுட்டு வந்தேன்லே. ஒனக்கும் சுத்தமா இருந்துச்சா?"

"சுத்தமா இருந்துச்சு அண்ணாச்சி" என்று அவர் கையைப் பிடித்தேன். சாயங்காலம் சாத்தூர் பஸ் வரும்வரை விடவில்லை.