கடைசி பெஞ்சில் ஓர் இடம்

வரலாற்று வாத்தியார் தேர்வு அறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த இருபத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள். அத்தனை பேரும் ஆசிரியர்கள்தான். கூடுதலாக ஒரு பாடம் நடத்தத் தகுதி வேண்டி, வார இறுதி வகுப்பில் படித்துத் தேர்வெழுத வந்தவர்கள். வாத்தியாரும் அதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் நரைத்த தலை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, இருபத்திரண்டு வருஷத்து நடை. ஆளைப் பார்த்து அவர்கள் ஏமாந்ததில் தப்பில்லை.

"உட்காருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருடைய பள்ளியில் வரலாற்றுக்குப் பாடவேளை குறைந்துவிட்டது. கணக்கும் எடுக்கத் தகுதி பெறாவிட்டால் ஜூன் மாதம் அவர் உபரி ஆசிரியர். ஐந்து மணி நேரப் பயணத்திலுள்ள வேறொரு பள்ளிக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். போன தடவை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு. "அங்க போயி வாத்தியார்த்தனம் பண்ணாதீங்க. எழுதினோமா வந்தோமான்னு இருங்க" என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

கடைசி பெஞ்சில் தம் எண்ணைக் கண்டுபிடித்து நகர்வதற்குள், அலுவலக உதவியாளர் ஓடி வந்து வினாத்தாள், விடைத்தாள் கட்டுகளைக் கையில் திணித்தார். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஒரு நோட்டையும் நீட்டினார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது வாத்தியாருக்கு ஊறிப்போன பழக்கம். போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம்.

மணி அடித்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சூப்பர்வைசர் வரும்வரை நாமே கொடுத்து வைப்போம் என்று தாள்களைக் கொடுத்து முடித்தார். அப்போது மூச்சு வாங்க ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மணி என்ன ஆச்சு? நீங்களும் ஒரு டீச்சர்தானே?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசக்கூடாது. கடைசி பெஞ்சுல இடம் இருக்கு, போய் எழுதுங்க."

ஒரு தாளையும் கையில் கொடுத்தார். அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான், அது தம்முடைய இடம் என்பது அவருக்கு உறைத்தது. அறை மாறி வந்துவிட்டாள் போலிருக்கிறது. எழுதுகிற பெண்ணை எழுப்பவும் மனம் வரவில்லை.

சூப்பர்வைசரைத் தேடித் தாழ்வாரத்துக்குப் போனார். அந்த இடைவெளியில் இரண்டு தமிழாசிரியர்கள் ஒரே விடையை மாற்றி மாற்றிப் பார்த்து எழுதினார்கள். திரும்பி வந்து அவர்களைப் பிரித்து உட்காரவைத்தார். சரி, மேசையிலேயே நின்று எழுதிவிடலாம் என்று முதல் கணக்கைத் தொட்டால், நாலு பக்கமும் கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினார்கள். எதற்கு இங்கே வந்தோம் என்பதே அவருக்குக் குழம்பிப் போயிற்று.

கடைசியில் தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாத்தியார் தொண்டையைச் செருமினார். வந்தவரோ, இந்த ஒரு அறைதான் ஒழுங்காக நடக்கிறது என்று கை குலுக்கினார். சூப்பர்வைசர் நோட்டில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. இப்போது சொன்னால் ஆள்மாறாட்டம். இருக்கிற வேலையும் போகும். செருமலை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நேரம் முடிந்தது. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. ஜூன் மாதத்தை நினைத்தபடி தாள்களை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் தாளில் ஒரு கணக்குப் பாக்கியில்லை, ஒரு அடித்தல் இல்லை. முதல் பக்கத்தில் எண் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்த நிலையிலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நம்பர் போடாத பேப்பரை யாரும்மா திருத்துவாங்க?"

அவள் பயந்துகொண்டே எழுந்து நின்றாள்.

"எனக்கு ஏது சார் நம்பர்? இந்த ஹாலுக்குப் போட்ட சூப்பர்வைசர் நான்தான். நீங்க போட்ட அதட்டல்ல உட்கார்ந்து எழுதிட்டேன்."