வெள்ளிச் சட்டைத் தாத்தா

வேலையில் இருந்த காலத்தில் எனக்கு யார்மீதும் பொறாமை வந்ததில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்து மேசைக்குப் போனபோதுகூடக் கைகுலுக்கிவிட்டு வந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டவன். அப்படிப்பட்டவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு, முட்டிவலியோடு சேர்ந்து பொறாமையும் வந்தது. அதுவும் சொந்தச் சம்பந்தியின்மேல்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். எம்.எஸ்ஸி. படித்தவன். (இதை எங்கும் சொல்வேன். மின்கட்டணம் கட்டும் வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன்.) சம்பந்தி, அதாவது என் மருமகளின் அப்பா, ஆரணியில் நெல் பயிரிடுபவர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இனியா எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். என் ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் கதை என்றால் ஆரணித் தாத்தாதான்.

அவள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கதை நேரம். பழைய புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, உள்ளே புத்தகங்களைப் பரப்பியிருப்பார்கள். தாத்தா பாட்டிகள் யார் வேண்டுமானாலும் வந்து வாசித்துக் காட்டலாம். நான் போனேன். ஒரு கதையை முழுதாக வாசித்துவிட்டு, "இக்கதையால் நாம் அறிவது யாது?" என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "சார், ஒண்ணுக்குப் போணும்" என்றான். அவன் பின்னாலேயே பாதி வகுப்பும் போயிற்று.

மறுவாரம் சம்பந்தி வந்தார். குளிக்க மறுக்கும் ஓர் எருமையின் கதை. எருமை குளத்தங்கரையில் ஒரு காலைத் தூக்கும் இடத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"மீதி வோணும்னா நீங்களே படிச்சிக்கோங்க. எனுக்கு பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சு."

அவ்வளவுதான், அந்தப் புத்தகத்துக்கு அடிதடி. ஓரமாக உட்கார்ந்திருந்த நான், எருமை தண்ணீரில் காலை வைத்ததா இல்லையா என்று தெரியாமலே வீடு திரும்பினேன். கேட்கவும் மானம் இடம்தரவில்லை.

இனியாவுக்குப் படிப்பதில் தடுமாற்றம் உண்டு. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். என்னிடம் படித்துக் காட்டவும் மாட்டாள். வரிக்கு வரி நிறுத்தித் திருத்துவேன். ஆனால் ஆரணித் தாத்தாவுக்கு மட்டும் தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படிப்பாள். மறுமுனையில் அவர், "அப்பால? அப்பால?" என்று கேட்பது சமையலறைவரை கேட்கும். நான் செய்தித்தாளைக் கொஞ்சம் சத்தமாக மடிப்பேன்.

பிறகு வாசிப்புத் திருவிழா வந்தது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேடமிட்டு வரவேண்டும். விரும்பினால் தாத்தா பாட்டிகளும் வேடமிட்டு மேடையேறலாம். இனியா எருமையாக மேடையேறி ஒரு பக்கம் வாசிக்கப் போகிறாள். எல்லோர்முன்பும் அவள் வாய் திறப்பது அதுதான் முதல்முறை. சம்பந்தி காகிதக் கூழில் இரண்டு கொம்பு செய்து, உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது இனியாவின் நாள். எனக்கு மட்டும் அது சம்பந்தியின் நாளாகத் தெரிந்தது.

ஆகவே நானும் ரகசியமாக ஒரு வேடத்துக்கு ஏற்பாடு செய்தேன். நிலாவில் இறங்கும் விண்வெளி வீரன். பழைய ஆலையில் கெஞ்சிக் கேட்டு, உலைக்குப் பக்கத்தில் போகிறவர்கள் அணியும் பளபளவென்ற தீக்காப்பு உடையை வாங்கி வந்தேன், முகத்தை மூடும் தலைக்கவசத்தோடு.

போட்டுப் பார்த்தபோது மனைவி வந்துவிட்டாள். "இன்னாங்க இது, பார்சல் கட்டின பிரியாணி மாதிரி?"

"விண்வெளி வீரன்."

"கொயந்த படிக்கிற நாள்ல நீங்க எதுக்கு ஜிகினா சுத்திக்கினு போறீங்க? சும்மா குந்திக்கினு கைதட்டிட்டு வாங்களேன்."

கேட்டிருக்கலாம்.

என் முறை நிகழ்ச்சியின் கடைசியில். பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயிலில் வெந்துகொண்டு, ஜன்னல் வழியே மேடையைப் பார்த்தபடி காத்திருந்தேன். இனியா கொம்புகளோடு மேடையேறினாள். புத்தகத்தைத் திறந்தாள். திறந்தவள், முன்வரிசையில் இருந்த சம்பந்தியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னையும் பார்க்கட்டும் என்று, முறை வருமுன்பே அரங்குக்குள் நுழைந்தேன்.

பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு தொப் தொப்பென்று புத்தகங்கள் தரையில் விழுந்தன. காக்கா, புலி, ஆட்டோக்காரர், இளவரசி எல்லோரும் எழுந்து, சத்தமில்லாமல், வரிசையாக வெளியேறத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் இருந்தபோது, ஆலையின் சார்பில் அந்தப் பள்ளியில் வருடாவருடம் தீ ஒத்திகை நடத்தியவன் நானேதான். ஆள் ஒருவருக்கு இதே உடையை மாட்டி நிறுத்தி, "வெள்ளிச் சட்டைக்காரர் வந்தால் ஆபத்து. கையில் இருப்பதைக் கீழே போடு. பேசாதே. வரிசையாக மைதானத்துக்குப் போ" என்று மனப்பாடம் செய்யவைத்தவன் நானேதான். நான் சொல்வதைக் குழந்தைகள் காதில் வாங்குவதில்லை என்று அத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்!

"நான்தான்! தாத்தா!" என்று கத்தினேன். தலைக்கவசத்தைத் தாண்டிக் குரல் போகவில்லை. நிற்கச் சொல்லி இரண்டு கைகளையும் ஆட்டினேன். இரண்டு கையும் ஆடினால் இன்னும் வேகமாகப் போகவேண்டும் என்பதும் நான் வைத்த விதிதான். போனார்கள்.

மைதானத்தில் சம்பந்திதான் என் கழுத்துக்குப் பின்னால் இருந்த கொக்கியைக் கழற்றினார். "இன்னா சம்மந்தி, இட்லி குண்டான்லேந்து எடுத்தாப்ல கீறீங்க?" கேலிகூட இல்லை; உண்மையான அக்கறை. அது இன்னும் எரிந்தது.

இனியா வந்தாள். கொம்பையும் கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

"நெருப்பு எங்க தாத்தா?"

"நெருப்பு இல்லம்மா."

"அப்ப நீ ஏன் வந்த?"

எம்.எஸ்ஸி. படித்தவன், கையிலிருந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தேன்.

"என் புக்கு உள்ளயே கீது. நீதான கீழ போடச் சொன்ன?" அவள் உதடு துடித்தது. அந்தத் துடிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த உடையோடே ஓடினேன். தரையில் கிடந்த புத்தகங்களுக்கிடையே எருமையைத் தேடியெடுத்து, கொம்புகளையும் அள்ளிக்கொண்டு திரும்பினேன். ஆசிரியை எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. இனியா வாசிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் தடுக்கினாள். என் வாய் தானாகத் திறந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சொல்லைத் தப்பாகவே வாசித்துவிட்டு மேலே போனாள். பக்கம் முடிந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடி, "மீதி வோணும்னா நீங்களே படிச்சிக்கோங்க" என்றாள். அந்த வேளையிலும் எனக்குள் ஒரு முள் குத்தியது: அது அவருடைய வசனமாயிற்றே!

உடையை மறுநாளே ஆலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து இனியா எனக்கும் கதை படிக்கிறாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. "தாத்தா, ஹெல்மெட்!" என்பாள். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்காரவேண்டும். வாய் திறந்தால் கண்ணாடியை இறக்கிவிடுவாள். விருந்தாளிகள் வந்தால் மனைவி, "எங்கயும் கெளம்பல, கத கேக்குறாரு" என்று விளக்கம் சொல்கிறாள்.

சம்பந்தி அடிக்கடி கூப்பிடுகிறார். "இன்னா சம்மந்தி, வண்டில கீறீங்களா, கதையில கீறீங்களா?"

கதையில் என்பேன். எந்தக் கதை என்பார். சொல்லமாட்டேன். அது எனக்கு மட்டும் படித்தது.