கொச்சியில் ஏறிய துணைவர்

நான் கப்பலேற மாட்டேன்னு சபதம் போட்டது ராஜபாளையம் பூராவும் தெரியும். நானேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

எல்லாம் அந்த அழைப்பால வந்தது. என் பெண்டாட்டி நாகஜோதி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நான் பேண்டேஜ் துணி வியாபாரி. பாலிசி நெறையப் பிடிச்சதுக்காக, அவ கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்குச் சொகுசுக் கப்பல்ல இடம் குடுத்தான். மும்பையில ஏறி, கொச்சி, லட்சத்தீவு சுத்தி, மறுபடி மும்பை. அழைப்புல 'திருமதி நாகஜோதி மற்றும் துணைவர்'னு போட்டிருந்துச்சு.

"துணைவரா? எனக்குப் பேரு கெடையாதா?"

"அது வழக்கமாப் போடுறதுங்க. வாரீங்களா, இல்லையா?"

"லிங்கேஸ்வரன் மற்றும் துணைவின்னு மாத்தச் சொல்லு, வாரேன்."

"அப்ப எங்கம்மாவக் கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா!"

அவ சிரிச்சுக்கிட்டே பெட்டியக் கட்டப் போயிட்டா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

கப்பல் கிளம்புன மறுநாள் காலையில வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ. ஜோதி கூலிங் கிளாஸ் போட்டு நிக்கா. பக்கத்துல ஒருத்தன். கறுப்புக் கோட்டு, ஆறடி உசரம், தலை நெறைய முடி வேற. முடி உள்ளவனக் கண்டாலே எனக்கு ஆகாது. மத்தியானம் இன்னொண்ணு, ரெண்டு பேரும் கடலப் பாத்துக்கிட்டு நிக்காங்க. சாயங்காலம் அவன் ஐஸ்கிரீம் நீட்டுதான், இவ வாங்குதா. நான் வாங்கிக் குடுத்தா பல்லு கூசுதும்பா!

ஊரே பாத்திருக்குமே! எதிர்வீட்டு ஹுமாயூன் பாய்கிட்ட நைசாக் கேட்டேன்.

"பாய், ஜோதி ஸ்டேட்டஸ் பாத்தீங்களா?"

"தங்கச்சி ஒண்ணும் போடலியே."

"ஒண்ணுமேயா?"

"சத்தியமா இல்லண்ணே. ஏன், என்ன போட்டுருக்கு?"

என்ன மனுசன்! என் மானம் போகக்கூடாதுன்னு சத்தியம் வேற பண்ணுதாரே. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

மறுநாள் கப்பல் கொச்சியில நிக்கும். அங்க வச்சு ஏறி, அவன் கோட்டக் கழட்டாம விடுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். டிரைவர் வைகுண்டராஜ் காரோட வந்தான். கொச்சி ரோடு தெக்க சுத்திப் போகுது. நான் வடக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடச் சொல்லி, ஒரு கிலோ பால்கோவா வாங்கிட்டுத் திரும்பினேன். சண்டைக்கே போனாலும் எங்காளுங்க வெறுங்கையோட போறதில்ல.

நடுவழியில ஏறுறவன லேசுல விடமாட்டாங்கன்னு, துறைமுகத்துல சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டுப் போனேன். ஆதாரை நீட்டினதும் அங்க இருந்த பொண்ணு கும்பிட்டுது.

"வாங்க சார். மேடம் உங்க விவரமெல்லாம் முந்தியே குடுத்துட்டாங்க."

முந்தின்னா எப்போன்னு கேக்க எனக்குத் தோணல. பொறாமையில இருக்கவனுக்கு மூளை எங்க வேலை செய்யுது?

ரூம் கதவத் திறந்தா, ஜோதி பெட்டியக் கட்டி வச்சிட்டு நிக்கா. பக்கத்துல அதே கோட்டு.

"ஏட்டி, யாரு இவன்?"

"ரூமுக்கு இட்லி, காபி கொண்டாறவருங்க. போட்டோவுக்கு நில்லுங்கன்னேன், நின்னாரு."

"ஊரே பாக்க இப்பிடியா ஸ்டேட்டஸ் போடுவ?"

"ஊரா? உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரியுற மாதிரில்ல போட்டேன்!"

பாவம் பாய். நிசத்தத்தான் சொல்லியிருக்காரு.

"எதுக்குட்டி இதெல்லாம்?"

"நாளைக்கு மதுரையில மீட்டிங். என்னய மேனேஜராக்குறாங்க. கிளம்புறதுக்கு முன்னாலயே தெரியும். எங்கம்மாவப் பாதி வழியில கப்பல்ல தனியா விட முடியுமா? துணைக்கு வாங்கன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஒரு முந்தானை ஆடுச்சு. என் மாமியார் காளீஸ்வரி. மருமகன் முன்னால அவிய உக்காரவும் மாட்டாக, நேருக்கு நேர் பேசவும் மாட்டாக. கல்யாணத்துல இருந்து அவிய குரலக் கதவு வழியாத்தான் கேட்டிருக்கேன்.

"ஜோதி, மாப்பிள்ள சாப்பிட்டாரான்னு கேளு."

"இனி நீயே கேட்டுக்கோம்மா. நான் போறேன்."

"ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா?" அலறிட்டேன்.

"அதெப்பிடி? அம்மாவுக்கு ரூம், உங்களுக்குப் பால்கனி. காத்து நல்லா வரும்."

"நீ எப்பிடிப் போவ?"

"நீங்க வந்த கார்லதான். வைகுண்டராஜ் அண்ணன நேத்தே நிக்கச் சொல்லிட்டேன்."

பால்கோவாவையும் என் கையில இருந்து வாங்கிக்கிட்டு இறங்கிட்டா.

பால்கனியில போய் உக்காந்தேன். உள்ள மாமியார் சுவத்தப் பாத்துப் பேசுதாக: "மாப்பிள்ள அந்தப் பக்கமே இருந்துக்கிட்டா, நான் செத்த நேரம் உக்காருவேன்."

கப்பல் நகந்துச்சு. கீழ ஜோதி பால்கோவாவத் தின்னுக்கிட்டே எனக்குக் கையாட்டினா.

அந்தக் கோட்டுக்காரன் பக்கத்துல நின்னப்போகூட அவ அம்புட்டு அழகாச் சிரிக்கல.